நூறு வருஷத்துக்கு ஒரு வாட்டி வர்ற மழைன்னா இன்னும் 90 வருஷம் கவலையே இல்லையா? கணக்கு தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்கப்பா

வியாசை ஃபார்வர்டு

எல்லாருக்கும் வணக்கம். வீடு ஒண்ணு பாத்திருக்கேன், வியாசர்பாடிலதான், கேப்டன் காட்டன் கால்வாய்லேர்ந்து நாலு தெரு தள்ளி. கிரவுண்ட் ஃப்ளோர், 600 ஸ்கொயர் ஃபீட், 20 வருஷ லோன். விலை நம்ம கைக்கு எட்டுற மாதிரி இருக்கு, அதான் டவுட்டே. தண்ணி நிக்குமான்னு கேட்டதுக்கு புரோக்கர் என்ன சொல்றாருன்னா, "2015ல நின்னுச்சு சார், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது நூறு வருஷத்துக்கு ஒரு வாட்டி வர்ற மழை, அது வந்துட்டு போயிடுச்சு, இனிமே உங்க பேரன் காலத்துலதான்"னு. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வீட்ல சொன்னா பொண்டாட்டி ஒரே கேள்வி, "அப்ப 2023 மிக்ஜாம் புயல் எந்த நூறு வருஷத்து கணக்கு?"

பதில் இல்ல. பத்தாவதுல நான் கணக்குல 41, நிகழ்தகவு பாடத்த அப்படியே சாய்ஸ்ல விட்டவன். அட்வான்ஸ் குடுக்க பத்து நாள் டைம் இருக்கு. யாராச்சும் புரியுற மாதிரி சொல்லுங்க.

கொருக்குப்பேட்ட கேட்டு

இன்னா தலீவா, மழ இன்னா காலண்டர் பாத்துக்கினா வருது? புரோக்கர் வாயில வர்றதெல்லாம் கணக்குன்னா நான் கூட பி.எச்.டி தான். டீச்சரக்கா இந்தப் பக்கம் வருவாங்க, வெயிட் பண்ணு.

ராயபுரம் டீச்சர்

வந்துட்டேன். தம்பி, சாய்ஸ்ல விட்டது நீங்க மட்டும் இல்ல, நான் 22 வருஷமா அந்தப் பாடம் நடத்துறேன், பாதி கிளாஸ் அப்படித்தான்.

ஒரு மஞ்சப்பைல நூறு புளியங்கொட்டை போடுங்க. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவி வெள்ளையாக்குங்க. வருஷத்துக்கு ஒரு கொட்டை, பாக்காம கைய விட்டு எடுக்கணும். வெள்ளை வந்தா அந்த வருஷம் வெள்ளம். "நூறு வருஷத்துக்கு ஒரு முறை"ன்னா அர்த்தம் இவ்ளோதான், எந்த வருஷத்த எடுத்தாலும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு. முக்கியமானது என்னன்னா, எடுத்த கொட்டைய திரும்ப உள்ள போட்டு குலுக்கிட்டுதான் அடுத்த வருஷம் எடுக்கணும். உங்க புரோக்கர் என்ன நெனச்சிட்டிருக்காருன்னா, வெள்ளக் கொட்டை 2015லயே வெளிய வந்துடுச்சு, பைல மிச்சம் இருக்கறது 99ம் கறுப்புன்னு. அப்படி இல்ல. மழைக்கு போன வருஷம் பெஞ்சது ஞாபகம் இருக்காது.

இப்ப உங்க லோன் 20 வருஷம். ஒரு வருஷம் தப்பிக்க 0.99. இருவது வருஷமும் தப்பிக்கணும்னா 0.99ஐ இருவது வாட்டி பெருக்கணும், கிட்டத்தட்ட 0.82 வரும். அப்ப லோன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது மாட்டுறதுக்கு 18 பர்சென்ட். லூடோ கட்டைய ஒரே ஒரு வாட்டி உருட்டுறீங்க, 6 விழுந்தா வீட்டுக்குள்ள தண்ணின்னு வெச்சிக்கோங்க, அத விட கொஞ்சம் ஜாஸ்தி.

அதுவும் அந்த "நூத்துல ஒண்ணு" உங்க தெருவுக்கு பொருந்தினாதான். ரோடு மேல ரோடு போட்டு வீடெல்லாம் பள்ளமான தெருவுக்கு அந்தக் கணக்கு எப்படி பொருந்தும்?

வியாசை ஃபார்வர்டு

டீச்சர், பத்தாவதுல நீங்க வந்திருந்தா நான் இப்ப எங்கயோ இருந்திருப்பேன். லூடோ கட்டைல வெச்சி சொன்னதும்தான் வயித்துல புளிய கரைக்குது.

கடல்காத்து

நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த "கணக்கு தெரிஞ்சா ஏமாற மாட்டோம்" டயலாக்கு கேட்டு கேட்டு புளிச்சிப் போச்சு. எங்கம்மா காசிமேட்ல மீன் விக்குது, பள்ளிக்கூடம் பக்கமே போனது கிடையாது. ஏலத்துல கூடை எடுத்து, ஐஸு, வண்டி கூலி எல்லாம் கழிச்சி, சங்கரா கிலோ இவ்ளோக்கு வித்தாதான் கட்டும்னு, நீங்க போன எடுத்து கால்குலேட்டர் தொறக்கறதுக்குள்ள சொல்லிடும். ஆனாலும் வருஷம் பூரா தண்டல் கடன் வாங்குது. பத்தாயிரம்னு பேரு, கைல வர்றது 8,500, டெய்லி 100 ரூவா நூறு நாளைக்கு. அநியாய வட்டின்னு அதுக்கு தெரியாதா? விடியக்காலம் நாலு மணிக்கு எந்த பேங்க் மேனேஜர் வந்து 8,500 குடுப்பாரு? கணக்கு தெரியாம இல்ல, கைல காசில்லாமதான் மாட்டுறோம்.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்டு

கடல்காத்து சொல்றது நியாயம்தான், ஆனா அந்த 1,500ஐ ஒரு வாட்டி போட்டு பாக்கலாம். பத்தாயிரத்துக்கு 1,500, அதனால 15 பர்சென்ட்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம். கைக்கு வந்தது 8,500. அதுவும் நூறு நாளும் முழுசா நம்ம கிட்ட இல்ல, மறுநாள்லேர்ந்தே திருப்பி குடுத்துட்டே வர்றோம், சராசரியா பாத்தா அதுல பாதிதான் கைல இருந்திருக்கு. சரியா போட்டு பாத்தா வருஷத்துக்கு 120 பர்சென்ட் பக்கம் போகுது.

சிரிக்காதீங்க, டை கட்டினவன் கிட்டயும் இதே கதைதான். நான் பைக்கு எடுத்தப்ப "பத்தே பர்சென்ட் ஃப்ளாட்"னாங்க, அதாவது கடன் அடைய அடைய வட்டி குறையாது, ஒரு லட்சம், ரெண்டு வருஷம், மாசம் 5,000. குறைஞ்சுட்டே வர்ற பாக்கிக்கு வட்டி போட்டா அது 18 பர்சென்ட். ஃப்ளாட்டுன்னு சொன்னாலே உஷாராயிடுங்க.

கடல்காத்து

120ஆ?? சரி, அம்மா கிட்ட சொன்னேன். அது சொன்ன பதில அப்படியே போடுறேன். "போடா, அந்த 8,500 இருந்தாதான் கூடை எடுக்க முடியும், கூடை எடுத்தா நாளைக்கு 600 நிக்கும், அதுல 100 அவனுக்கு, 500 எனக்கு. காசு இல்லன்னா 600ம் இல்ல." இதுக்கு என்ன சொல்வீங்க?

இன்னொன்னும் சொல்லுச்சு, இத்தன வருஷத்துல எனக்கே தெரியாது. பொங்கலுக்கு அப்புறம் புது தண்டல் எடுக்கவே எடுக்காதாம். ஏன்னா பொங்கல்லேர்ந்து நூறு நாள் எண்ணினா ஏப்ரல் 15 தாண்டிடும், அன்னிக்கு தடைக்காலம் ஆரம்பிச்சிடும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்சு கடலுக்கு போகாது, வரத்து இல்லாம வியாபாரம் படுத்துடும், ஆனா தண்டல்காரன் மட்டும் டெய்லி வந்து நிப்பான்.

ராயபுரம் டீச்சர்

உங்க அம்மாவுக்கு என்னோட வணக்கத்த சொல்லுங்க. நான் அவங்களுக்கு சொல்லிக்குடுக்க ஒண்ணும் இல்ல.

ஆனா இங்க ஒரு விஷயம் கவனிங்க. அம்மாவோட கணக்கு எல்லாமே நிச்சயமா வர்றத பத்தினது. 100 ரூவா நிச்சயம், நூறு நாள் நிச்சயம், ஏப்ரல் 15 நிச்சயம். இதுல நம்ம ஊர் ஜனங்க புலி. வருமா வராதான்னு தெரியாத ஒண்ணு வந்தாதான் சறுக்குறோம். மழை, நோய், லாட்டரி சீட்டு, பந்தயம். அங்க மட்டும் மனக்கணக்க மூட்ட கட்டி வெச்சிட்டு "எனக்கென்னமோ தோணுது"ன்னு எறங்கிடுறோம்.

ஷேர் ஆட்டோ

டீச்சர் என்னத்தான் சொல்றாங்கன்னு நெனக்கிறேன் 😀

ஒத்துக்கிறேன், மூணு நம்பர் ஆடுனவன்தான் நானு. லாட்டரிய 2003லயே நம்ம கவர்மென்ட்டு தட பண்ணிட்சி, ஆனா துண்டு சீட்டுல நம்பர் எய்தி குடுக்குறவன் எப்பவும் எங்கியாச்சும் இருந்துக்கினுதான் இருந்தான். 60 ரூவா கட்டு, மூணு நம்பரும் வந்தா 25,000. மூணு வருஷம் டெய்லி கட்டினேன். என் லாஜிக்கு இன்னான்னா, ஒரு வாரமா கடைசி நம்பர் 7 வர்ல, அப்ப இன்னிக்கு 7 வந்தே ஆவணும். நோட்டு போட்டு எய்தி வெச்சிருந்தேன், சத்தியமா. ஒரு வாட்டி அடிச்சிது. தெருவுக்கே பிரியாணி போட்டேன், எங்கம்மா சாவுற வரிக்கும் அந்த பிரியாணிய சொல்லிக்கினே இருந்திச்சி. ஆனா கட்டின காச எவனும் கூட்டி பாக்கல, நானும் பாக்கல. இப்ப இத்த படிச்சிட்டு கூட்டி பாத்தா 65,000க்கு மேல போயிருக்கு. 25,000 வந்தது மட்டும் ஊருக்கே தெரியும்.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்டு

அண்ணே, அந்த ஆட்டத்த உங்க பக்கம் நின்னு பாக்காம அவன் பக்கம் நின்னு பாருங்க. 000லேர்ந்து 999 வரைக்கும் ஆயிரம் நம்பர். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு நம்பர் எடுத்தா அவன் கல்லால விழறது 60,000. ஒருத்தருக்கு 25,000 குடுப்பான். மிச்சம் 35,000. அவனுக்கு இதுல அதிர்ஷ்டம்னு ஒரு சமாச்சாரமே கிடையாது. நமக்கு மட்டும்தான் அதிர்ஷ்டம், அவனுக்கு சம்பளம்.

கொருக்குப்பேட்ட கேட்டு

7 கதைய கேட்டதும் எங்க சித்தப்பா ஞாபகம் வந்திச்சி. நாலு பொண்ணு பொறந்துட்சி, அஞ்சாவது பையன்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரு. இப்ப அஞ்சு பொண்ணும் நல்ல வேலைல கீது, அவரு ராஜா மாதிரி குந்திக்கினு சாப்புடுறாரு, அது வேற கத.

அப்பால என் பேருக்கு ஒரு விளக்கம். நான் மணலிக்கு வேலைக்கு போன காலத்துல எப்ப போனாலும் ரயில்வே கேட்டு மூடியே கெடக்கும்னு சண்ட போடுவேன். கூட வேல செஞ்ச ஒர்த்தரு "எண்ணிப் பாத்தியா?"ன்னாரு. ரோசத்துல எண்ணினேன், 20 நாள்ல 9 நாள் மூடியிருந்திச்சி. மீதி 11 நாள் சர்ருனு போயிருக்கேன், அதுல ஒண்ணு கூட மண்டைல நிக்கல. வெயில்ல நின்னது மட்டும்தான் நிக்குது.

மிண்ட் தெரு மேதாவி

ஓவரா பேசாதீங்கய்யா. கணக்குல அவ்ளோ பெரிய ஆளு ராமானுஜன், நம்ம போர்ட் டிரஸ்ட்ல 1912ல குமாஸ்தா வேலை, மாசம் 30 ரூவா சம்பளம். கணக்கு தெரிஞ்சவருக்கே அவ்ளோதான். வாழ்க்கைக்கு தேவை தைரியம், கணக்கு இல்ல.

ராயபுரம் டீச்சர்

அந்த 30 ரூவா வேலைல உக்காந்துகிட்டே அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜுக்கு லெட்டர் போட்டாரே, அத விட்டுட்டீங்க. ராயபுரத்துலயே ராமானுஜன் மியூசியம் இருக்கு, பி.கே.சீனிவாசன்னு ஒரு கணக்கு வாத்தியார் 1993ல ஆரம்பிச்சது, ஒரு நாள் போய் பாருங்க. தைரியம் வேணும்தான், எதுக்கு எவ்ளோ தைரியம்னு தெரியறதுக்குதான் கணக்கு.

புளியந்தோப்பு ஸ்டிரைக்கர்

கேரம் கதை ஒண்ணு இருக்கு, யாராச்சும் தீர்ப்பு சொல்லுங்க, பல வருஷமா ஓடுற பஞ்சாயத்து. கிளப்ல நானும் இன்னொருத்தனும் ஆடுனோம், ஆளுக்கு 200, மொத்தம் 400, யாரு மொதல்ல மூணு போர்டு எடுக்குறாங்களோ அவங்களுக்கு. நான் ரெண்டு, அவன் ஒண்ணு. கரண்டு போச்சு. ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வரல. காசு எப்படி பிரிக்கிறது? அவன் "பாதி பாதி"ங்கிறான். நான் "ரெண்டுக்கு ஒண்ணு, அந்த கணக்குல பிரி"ங்கிறேன். கடைசில கைகலப்பாயி போர்டு ஒடஞ்சுது, அந்த 400 போர்டுக்கே போச்சு.

ராயபுரம் டீச்சர்

அடடா, இது சாதாரண பஞ்சாயத்து இல்லீங்க. 1654ல பிரான்ஸ்ல பாஸ்கல், ஃபெர்மான்னு ரெண்டு பேரு லெட்டர் எழுதிக்கிட்டதே இத பத்திதான், பாதில நின்னு போன ஆட்டத்துல பந்தயக் காச எப்படி பிரிக்கிறதுன்னு. இன்னிக்கு நாம படிக்கிற நிகழ்தகவு அங்கதான் சூடு பிடிச்சுது.

ரெண்டு பேரும் சமமா ஆடுறவங்கன்னு வெச்சிக்குவோம். நடந்து முடிஞ்ச போர்ட விடுங்க, இனிமே என்ன ஆகும்னு பாருங்க. அடுத்த போர்டு நீங்க எடுத்தா ஆட்டம் முடிஞ்சுது, அதுக்கு பாதி வாய்ப்பு. அவர் எடுத்தா ரெண்டுக்கு ரெண்டு, அங்கயும் உங்களுக்கு பாதி. ஆக மொத்தம் உங்க பக்கம் முக்கால், அவர் பக்கம் கால். 300 உங்களுக்கு, 100 அவருக்கு. ரெண்டு பேர் கேட்டதும் தப்பு, நீங்க உங்களுக்கே கம்மியா கேட்டிருக்கீங்க.

புளியந்தோப்பு ஸ்டிரைக்கர்

கம்மியா கேட்டு அடி வாங்கினேனா?? இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்புறேன், இப்ப அவன் என் மச்சான்தான், தங்கச்சிய கட்டியிருக்கான்.

வண்ணாரப்பேட்டை அக்கா

நான் இங்க அவ்வளவா எழுத மாட்டேன், ஆனா இது சொல்லணும்னு தோணுச்சு. போன வருஷம் ஒரு மெடிக்கல் கேம்ப்ல டெஸ்ட் எடுத்தேன், ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு. நோய் பேரு வேண்டாம். பேப்பர்ல 95 சதவீதம் துல்லியம்னு போட்டிருந்தாங்க, அப்ப எனக்கு 95 சதவீதம் நோய் இருக்குன்னுதானே அர்த்தம்னு நெனச்சு ஒம்பது நாள் தூங்கல, நகைய எல்லாம் எடுத்து யாருக்கு எதுன்னு பிரிச்சு வெச்சுட்டேன், சொன்னா நம்ப மாட்டீங்க. அப்புறம் ஒரு பெரிய டாக்டரம்மாவ பாத்தேன். அவங்க மருந்து சீட்டுக்கு பின்னாடி பேனாவால எழுதி காட்டினாங்க, அந்த சீட்டு இன்னும் பீரோல இருக்கு.

கேம்புக்கு ஆயிரம் பேர் வந்தாங்கன்னு வை. உன்னை மாதிரி எந்த தொந்தரவும் இல்லாதவங்கள்ல ஆயிரத்துக்கு அஞ்சு பேருக்கு நெஜமாவே நோய் இருக்குன்னு வை. அந்த அஞ்சு பேரையும் டெஸ்ட் பிடிச்சிடுச்சு. மிச்சம் 995 பேருக்கு நோய் இல்ல, ஆனா நூத்துக்கு அஞ்சு தப்பா காட்டும்னா அதுல 50 பேருக்கு சும்மாவே பாசிட்டிவ் வரும். மொத்தம் பாசிட்டிவ் 55 பேர். அதுல நெஜம் அஞ்சு. நீ அந்த 55ல ஒருத்தி, பதினொண்ணுல ஒரு வாய்ப்பு, அடுத்த டெஸ்ட் எடு, அழுவாதன்னாங்க. எல்லா டெஸ்டுக்கும் இதே நம்பர் வராது, புரியறதுக்காக சொல்றேன்னாங்க. அடுத்த டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு.

மிண்ட் தெரு மேதாவி

அப்ப மொத டெஸ்ட்டே வேஸ்ட்டுதானே அக்கா?

வண்ணாரப்பேட்டை அக்கா

இல்ல தம்பி, அதையும் கேட்டேன். டெஸ்டுக்கு முன்னாடி இருநூறுல ஒண்ணா இருந்தது, பாசிட்டிவ் வந்ததும் பதினொண்ணுல ஒண்ணாயிடுச்சு. அப்ப அடுத்த டெஸ்ட்ட கட்டாயம் எடுக்கணும்ல. சாவு தேதி குறிச்ச மாதிரி நான் எடுத்துக்கிட்டதுதான் தப்பு. தயவு செஞ்சு யாரும் இத படிச்சிட்டு ரெண்டாவது டெஸ்ட்ட விட்டுடாதீங்க.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்டு

அக்கா, இதுக்கு மேல யாரும் தெளிவா எழுத முடியாது.

வீட்டு மேட்டருக்கு வர்றேன், கேள்வி கேட்ட வியாசைக்கு ஒரு கணக்கு. நியூஸ்ல 20 சென்டிமீட்டர் மழைங்கிறான், கேட்டா ஒரு சாண் அளவுதானேன்னுதான் தோணுது. ஒரு சதுர மீட்டர்ல அது 200 லிட்டர். உங்க 600 ஸ்கொயர் ஃபீட்டு, அதாவது கால் கிரவுண்டு மொட்டமாடில மட்டும் 11,000 லிட்டருக்கு மேல, பெரிய தண்ணி லாரி ஒண்ணு முழுசா கவுத்த மாதிரி. தெருவுல இருக்குற ஒவ்வொரு வீட்டு மாடிலயும் ஒரு லாரி. எல்லாம் கீழதான் எறங்கி வரும், கீழ யாரு இருக்கா?

இன்னொன்னு, வானிலைல "ஓரிரு இடங்களில்"னு சொன்னா கால்வாசி இடத்துக்கு மேல இல்லன்னு அர்த்தம். நம்ம தெருவுல பெய்யலன்னா உடனே வானிலை மையத்து ரமணனத் திட்டின காலம்லாம் உண்டு, பாவம் மனுஷன்.

வியாசை ஃபார்வர்டு

அப்டேட். ஞாயித்துக்கிழமை அந்தத் தெருவுக்கு தனியா போனேன், புரோக்கர் இல்லாம. முனைல ஒரு இஸ்திரி வண்டி, இருவது வருஷத்துக்கு மேல அதே எடத்துல நிக்கிறாராம் அந்த ஐயா. எது எது எந்த வருஷம்னு கேட்டேன். வண்டிய விட்டு வந்து செவுத்துலயே கைய வெச்சி காட்டினாரு. 2005ல வாசப்படி தாண்டி உள்ள வந்துச்சு. 2015ல ஜன்னல். 2021ல உள்ள கணுக்கால் அளவு. 2023ல முட்டிக்கு மேல, ரெண்டு நாள் எறங்கவே இல்ல.

டீச்சர், இருவது வருஷத்துல நாலு வாட்டி. இப்ப மஞ்சப்பைல எத்தன வெள்ளக் கொட்டை?

ராயபுரம் டீச்சர்

நூத்துல இருவது. நாலே நாலு தடவைய வெச்சு அடிச்சு சொல்லக் கூடாதுதான், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா நூத்துல ஒண்ணு இல்லவே இல்ல. அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணுன்னு வெச்சா உங்க லோன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 98 பர்சென்ட்டுக்கு மேல. நான் போட்ட 18ஐ கிழிச்சு போட்டுடுங்க, அது புரோக்கர் குடுத்த நம்பர நம்பி போட்டது.

கடல்காத்து

அம்மா கேக்குது, ஒரு வாட்டி தண்ணி வந்தா எவ்ளோ செலவுன்னு.

வியாசை ஃபார்வர்டு

அதையும் பக்கத்து வீட்ல கேட்டுட்டேன். ஃப்ரிட்ஜு, பீரோ, கட்டில், பைக்கு இஞ்சின், பெயின்ட்டு, ஒண்ணரை லட்சம் ஆச்சாம் 2023ல. அதே பில்டிங்ல மொத மாடி அஞ்சு லட்சம் ஜாஸ்தி. நாலு வாட்டின்னா ஆறு லட்சம். பொண்டாட்டி பேப்பர்ல எழுதி கண்ணாடில ஒட்டி வெச்சிருக்கா.

புரோக்கருக்கு போன் போட்டு நாலு வருஷத்தையும் வரிசையா சொன்னேன். ரெண்டு செகண்டு சத்தமே இல்ல. அப்புறம், "சரி சார், கிரவுண்ட் ஃப்ளோர்ல ரெண்டு லட்சம் கொறைக்க சொல்றேன்"னாரு.

கொருக்குப்பேட்ட கேட்டு

ரெண்டு செகண்டுல ரெண்டு லட்சமா! தலீவா, அந்தாளுக்கு உன்ன விட நல்லா கணக்கு தெரியும்.